ரசிகர் குழுவுக்கு ஒரே அட்மின் போதாது

ரசிகர் குழு நடத்துபவர்கள் மீம், வாக்கெடுப்பு, பிறந்தநாள் கொண்டாட்டம் என்று எல்லாவற்றையும் திட்டமிடுவார்கள். குழுவைத் தொடங்கியவரின் கணக்கு முடங்கினால் என்ன செய்வது என்பதை மட்டும் யோசிப்பதில்லை.

டெலிகிராமில் எத்தனை அட்மின்கள் இருந்தாலும் உரிமையாளர் ஒருவர்தான். உரிமையை இன்னொருவருக்கு மாற்ற, இப்போதைய உரிமையாளர் தன் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை (உள்நுழையும்போது குறியீட்டோடு கடவுச்சொல்லும் கேட்கும் வசதி) 7 நாட்களுக்கு முன்பே இயக்கியிருக்க வேண்டும். மாற்றப் பயன்படுத்தும் சாதனத்தில் அவர் உள்நுழைந்தும் 24 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ஆக, அவசரத்துக்கு இது உதவாது, இன்றே இயக்கிவிடுங்கள். டிஸ்கார்டிலும் சர்வரை (அங்கே குழுவுக்கு அதுதான் பெயர்) அழிக்கும் அதிகாரம் உரிமையாளருக்கு மட்டுமே. வாட்ஸ்அப்பில் ஒரே அட்மின் வெளியேறினால் உறுப்பினர்களில் யாரோ ஒருவர் தானாகவே அட்மின் ஆகிவிடுவார். அவர் வம்பிழுக்கவே உள்ளே வந்த எதிரணி ரசிகராகக்கூட இருக்கலாம்!

சரி, யாரை அடுத்த அட்மினாகப் போடுவது? அதிகம் பதிவிடுபவரை வேண்டாம். சண்டை மூளும்போது நிதானம் இழக்காதவரைப் பாருங்கள். எடுத்த எடுப்பிலேயே முழு அதிகாரமும் தர வேண்டியதில்லை. டெலிகிராமில் செய்தியை நீக்குவது, ஆளை விலக்குவது என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி உண்டு. புதிய அட்மின்களைச் சேர்க்கும் அனுமதியை மட்டும் சில மாதம் உங்களிடமே வைத்திருங்கள்.