மார்பக எம்ஆர்ஐ எடுக்கப் போகிறீர்களா?

சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றின் எம்ஆர்ஐ அறையில் ரேடியோகிராஃபராக இருக்கிறேன். மார்பகப் புற்றுநோய் அறுவைக்கு முன் படம் எடுக்க வரும் நம் பெண்களிடம் நேரில் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

இந்தப் படம் எல்லோருக்கும் தேவைப்படாது. மார்பகத் திசு அடர்த்தியாக இருந்தாலோ, பால் சுரப்பிகளில் தொடங்கும் லோபுலர் வகைப் புற்றாக இருந்தாலோ, மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) கட்டி ஓர் அளவும் அல்ட்ராசவுண்டில் வேறோர் அளவும் தெரிந்தாலோ மருத்துவர் எடுக்கச் சொல்லலாம். உங்களுக்கு எதற்காக என்று அவரிடமே கேளுங்கள். சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவில் எவ்வளவு கழிக்கலாம் என்பதையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

மாதவிலக்கு நிற்காதவர்களுக்கு, விலக்கு தொடங்கிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் எடுத்தால் படம் தெளிவாக வரும். ஆனால் அதற்காக அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம்.

தாலிச் சங்கிலி, மெட்டி, மூக்குத்தி, ஊக்கு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற மனம் வராத அம்மாக்களை, முதல் நாளே மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கோத்துக் கட்டிக்கொண்டு வரச் சொல்வேன். அறை வாசலில் நின்று கலங்குவதைவிட அது எவ்வளவோ மேல். பேஸ்மேக்கர், சிறுநீரகக் கோளாறு, மருந்து ஒவ்வாமை இருந்தால் மறைக்காதீர்கள்; படத்தில் கட்டி பளிச்சென்று தெரிய, கையில் காடோலினியம் என்ற மருந்தை ஏற்றுவோம்.

குப்புறப் படுக்க வேண்டும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், சத்தமும் பலமாக இருக்கும். தோள்வலி, கழுத்துவலி இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், தலையணை வைத்துச் சரிசெய்கிறோம். நடுவில் அசைந்தால் படம் கலங்கிவிடும்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். படத்தில் புதிதாக ஒரு புள்ளி தெரிந்தால், "மொத்தமா எடுத்துடுங்க டாக்டர்" என்று அன்றைக்கே சொல்லிவிடாதீர்கள். எம்ஆர்ஐ மிகவும் நுட்பமானது; புற்று இல்லாததும் அதில் பளிச்சென்று தெரியும். 2010இல் வெளிவந்த, 1,623 பெண்கள் பங்கேற்ற பிரிட்டிஷ் ஆய்வில், எம்ஆர்ஐ எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மறு அறுவை ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேவைப்பட்டது. அதனால் அந்தப் புள்ளியில் பயாப்ஸி (சிறு திசுத் துணுக்கை எடுத்துச் செய்யும் சோதனை) எடுத்துப் பார்க்காமல் அறுவைத் திட்டத்தை மாற்ற அவசரப்பட வேண்டாம்.

இன்னொன்று. படம் எடுக்கும்போது குப்புறப் படுக்கிறீர்கள், அறுவை மேசையில் மல்லாந்து. மார்பகம் சரியும்போது கட்டியின் இடமும் நகரும். அதனால்தான் பலருக்கு அல்ட்ராசவுண்டை மறுபடி வைத்துத் தேடி, கிளிப்போ கம்பியோ வைத்து அடையாளம் செய்கிறார்கள். உங்களுக்கு எந்த முறை, எப்போது வைப்பார்கள் என்று அறுவை மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.