கடற்கரை மணலில் அடும்பங்கொடியை நடும் முறை

வீட்டை நோக்கி வாரியடிக்கும் மணலைத் தடுக்க அடும்பங்கொடி நட விரும்புவோர் தண்டையே நாடுவது நல்லது. விதையின் ஓடு மிகக் கடினமாதலால், உப்புத்தாளில் தேய்த்து ஓரிரவு ஊறவைக்காவிட்டால் அது எளிதில் முளைக்காது. நான்கைந்து கணுக்கள் உள்ள முற்றிய கொடித்துண்டை, அலையேறும் கோட்டுக்கு மேலே, வேர்விடும் இடமான கணுக்களில் குறைந்தது இரண்டு ஈரமணலில் புதையுமாறு படுக்கவைத்து, நுனியை மட்டும் வெளியே விட வேண்டும். எரு வேண்டாம். சோழமண்டலக் கரையில் ஐப்பசி மழையோடு நட்டால் நீரூற்றும் வேலை பெரிதும் மிச்சம். ஆட்டுக்குளம்புபோல் பிளந்த இலைகள் படர்ந்தபின், காலையில் விரிந்து பிற்பகலில் சுருங்கும் ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூக்கள் வரும். பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் முட்டையிடும் தை, மாசியில் மணலைக் கிளறவே கூடாது.