நூல் பிடித்துப் போனால் ஊர் கிடைக்கும்

சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு யாராவது ஒருத்தர் ஆரம்பிப்பார், "நாளைக்கு எங்கேயாவது போலாமா?" உடனே கொடைக்கானல், மூணாறு என்று பேச்சு ஓடும், ரூம் வாடகையைப் பார்த்ததும் குரல் இறங்கும், மலைப்பாதையில் வரிசைகட்டி நிற்கும் கார்கள் ஞாபகத்துக்கு வரும், கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி சாப்பிட்டுத் தூங்கி எழுந்து "லீவு வீணாப் போச்சே" என்று புலம்புவோம். பல வருடம் என் கதையும் இதுதான்.

மாறியது மதுரையில் ஒரு டவுன் பஸ் போர்டால். கீழக்குயில்குடி என்ற பெயரைப் பள்ளிக்கூட நாட்களிலிருந்து பஸ் நெற்றியில் வாசித்திருக்கிறேன். அது எங்கே இருக்கிறது, அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஒரு ஞாயிறு வேறெங்கோ போக வேண்டிய பஸ் வரவில்லை, இது வந்தது, ஏறிவிட்டேன். தேனி ரோட்டில் போய்த் திரும்பி ஊருக்குள் இறக்கிவிட்டார்கள். எதிரே ஒரு பாறைமலை, அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில். படியேறி மேலே போனால் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அவர்கள் காலடியில் வட்டெழுத்து, ஒன்பது பத்தாம் நூற்றாண்டுச் சமாச்சாரம். சமணர் மலை என்று பாடப்புத்தகத்தில் படித்தது இதுதானா என்று அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை.

அன்றைக்குப் பிறகு "எங்கே போகலாம்" என்று கேட்பதை விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் எப்போதும் கொடைக்கானல்தான். "இது எங்கே போகுது?" என்று கேட்பதுதான் வேலைக்கு ஆகும். தினமும் கண்ணில் படும் ஒரு பஸ், ஒரு வாய்க்கால், ஒரு தண்டவாளம், வயலுக்குள் இறங்கும் ஒரு வண்டிப்பாதை, ஏதாவது ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு அதன் முனை வரைக்கும் போவது. முனையில் ஒன்றுமே இல்லாமல் போகலாம். எனக்கு நாலில் ஒரு தடவை அப்படித்தான் ஆகியிருக்கிறது, டீக்கடை கூட இல்லாமல் திரும்பியிருக்கிறேன். அதுவும் பரவாயில்லை, அரை நாள்தானே போச்சு.

அரை நாள் என்பதுதான் முக்கியம். காலை ஆறு மணிக்குக் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க வேண்டும், தூரம் முப்பது கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது, போவதோ வருவதோ ஒரு பக்கமாவது சொந்த வண்டி வேண்டாம். பைக்கில் போனால் என்ன என்று கேட்பீர்கள். போகலாம், ஆனால் பைக் உங்களைத் திரும்பத் திரும்ப நிறுத்திய இடத்துக்கே இழுக்கும். பஸ்ஸில் போய் இறங்கிவிட்டால் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கி வேறு ரோட்டைப் பிடித்து வரலாம். பெண்களுக்கு இன்னொரு வசதி: 2021லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசே கிடையாது. என் அக்கா ஒரு வருடமாக ஒவ்வொரு கடைசி ஸ்டாப்பாக இறங்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், செலவு டீக்கும் வடைக்கும்தான்.

பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டரிடம் இரண்டு விஷயம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு, அதை விட்டால் அடுத்தது எப்போது. இறங்கும் அவசரத்தில் இதைக் கேட்காமல் விட்டு, பதினோரு மணி பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்தது மூன்றரைக்குத்தான் என்று தெரிந்து, சித்திரை வெயிலில் மெயின் ரோடு வரைக்கும் ஐந்து கிலோமீட்டர் நடந்திருக்கிறேன். பாதி வழியில் பால் வண்டிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டார். கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்ததால் சட்டையெல்லாம் பால் வாடை, வீட்டில் பூனை ரெண்டு நாள் என்னையே சுற்றி வந்தது.

மதுரைக்காரர்களுக்கு மலைகள் ஒரு பெரிய கொடுப்பினை. சுற்றிலும் பாறைக்குன்றுகள், பலவற்றில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய தமிழி, அதாவது தமிழ் பிராமி எழுத்து. மேலூர்ச் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் அரிட்டாபட்டி. குடைவரைச் சிவன் கோயில், அதில் சிவனின் அவதாரம் என்று சொல்லப்படும் லகுலீசர் உருவம், தமிழ்நாட்டில் அபூர்வமாகவே கிடைப்பது, தனியே ஒரு தீர்த்தங்கரர் சிற்பம், குகையில் தமிழி. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.42 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது, மாநிலத்திலேயே முதல் தலம் அதுதான். அப்புறம் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்ததும், சுற்றுவட்டாரமே எழுந்து நின்று 2025 ஜனவரியில் அது ரத்தானதும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரைச் செய்தியில் நூறு முறை கேட்டுவிட்டு ஒரு முறை கூடப் போகாதவர்கள்தான் நம்மில் அதிகம். பக்கத்திலேயே மாங்குளம். அந்தக் கல்வெட்டுகளை 1882லேயே ராபர்ட் சீவல் கண்டுபிடித்தார். நெடுஞ்செழியன் என்று பாண்டியன் பெயர் அதில் இருக்கிறது.

ஆனால் போய் நின்றால் எழுத்தே தெரியாது. முதல் தடவை எனக்கும் தெரியவில்லை, வெறும் பாறையைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறேன். குகையின் நெற்றியில் மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்க நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். அதற்கு ஒட்டி மேலேயும் கீழேயும் தேடுங்கள். வெயில் உச்சிக்கு ஏறும் முன்னால், வெளிச்சம் சாய்ந்து விழும் நேரத்தில் போக வேண்டும். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும். இருட்டாக இருந்தால் போன் டார்ச்சை நேராக அடிக்காமல் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். அதுவரை இல்லாத எழுத்து சட்டென்று எழுந்து வரும், எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும். சாக்பீஸ் தடவுவது, தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். குகைத்தரையில் தலைமாடு உயர்த்தி வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள் இருக்கும். ஊரில் வழி கேட்கும்போது "சமணர் படுக்கை எங்கே" என்று கேட்டால் பலருக்குப் புரியாது. "பஞ்சபாண்டவர் படுக்கை எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள், ஆடு மேய்க்கிற பையன் கூடவே வந்து காட்டிவிட்டுப் போவான்.

தண்டவாளத்தைப் பிடித்துப் போவது என்றால் பாசஞ்சர் ரயிலில் ஏறி இரண்டு மூன்று ஸ்டேஷன் தள்ளி இறங்குவதுதான். திண்டுக்கல் பக்கம் போகும் வண்டியில் சோழவந்தான். மதுரை எல்லையைத் தாண்டியதுமே ஜன்னலில் காற்று மாறும், வைகைப் பாசன நெல், தென்னை, வாழை. இறங்கி ஊருக்கு வெளியே நடந்தால் கொடிக்கால். அகத்திமரங்களை நெருக்கமாக நட்டு வெற்றிலைக்கொடியை அதன்மேல் ஏற்றிக் கட்டியிருப்பார்கள். உள்ளே நுழைந்தால் வெளிச்சமே பச்சையாக இருக்கும், ஈர மண் காலை இழுக்கும், வெளியே வெயில் கொளுத்தினாலும் இங்கே முதுகு சில்லிடும். தோட்டக்காரரிடம் கேட்காமல் உள்ளே போகாதீர்கள், செருப்போடு விடமாட்டார்கள். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுங்கள், விலை கிடைக்காத கதை அரை மணி நேரம் வரும், கிளம்பும்போது கையில் ஒரு கவுளி வெற்றிலையும் இருக்கும். அங்கிருந்து திருவேடகம் பக்கம்தான். வைகை அந்த இடத்தில் வடக்கே திரும்பும். சம்பந்தர் விட்ட ஏடு ஆற்றை எதிர்த்து வந்து ஒதுங்கியதாகச் சொல்லும் ஊர்.

மதுரை இல்லையென்றாலும் நூலுக்குப் பஞ்சமில்லை. திருச்சிக்காரர்கள் உய்யக்கொண்டான் வாய்க்காலைத் தினமும் தாண்டிப் போகிறீர்கள். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, நகரத்துக்கு நடுவில் புகுந்து வருகிற அந்தத் தண்ணீரை எதிர்த்து, வாய்க்கால் பிரியும் இடம் வரைக்கும் சைக்கிளில் போயிருக்கிறீர்களா? சென்னைக்காரர்களுக்குப் பல்லாவரம் என்றால் டிராபிக். 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கல்கோடரி ஒன்றை அங்கே கண்டெடுத்துத்தான் இந்தியாவின் கற்கால ஆராய்ச்சியே தொடங்கியது.

பையில் என்ன வேண்டும்? இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது துண்டு, தேய்ந்து போகாத அடி உள்ள செருப்பு, சில்லறை, கடலைமிட்டாய். போனில் மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பாறை மறைவில் சிக்னல் போய்விடும். வாழைப்பழம் வேண்டாம், குரங்கு மோப்பம் பிடித்து வந்து பையையே பிடுங்கும், அழகர்மலையில் நான் பட்டது போதும். பாறை இடுக்கில் மலைத்தேனீக் கூடு தெரிந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள், செண்ட் போட்டுக்கொண்டு போகவே போகாதீர்கள். புது இடத்துக்குத் தனியாகப் போவதானால் ஊர் டீக்கடையில் ஒரு டீ குடித்து, மேலே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். நாலு பேருக்குத் தெரிந்திருக்கும், போகக்கூடாத பக்கம் எது என்றும் சொல்லிவிடுவார்கள். சில கோயில் காடுகளில் செருப்பு கூடாது, சிலவற்றில் பெண்கள் போவதில்லை, படம் எடுத்தால் சண்டைக்கு வருவார்கள். கேட்டுவிட்டு நடப்பது நல்லது. அப்புறம் ரீல்ஸ். எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கற்படுக்கையில் படுத்துக்கொண்டு எடுக்காதீர்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கண்மாய்க்கரை நடைதான், அதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். போனில் சாட்டிலைட் படத்தைத் திறந்து உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பிறை மாதிரி வளைந்த கரையோடு நீலமாகவோ பழுப்பாகவோ பட்டை பட்டையாகத் தெரிவதெல்லாம் கண்மாய். ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் நடங்கள். கரை முழுக்கப் பனை நிற்கும், நடுவில் எங்காவது மடை வரும், மடைக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு கருப்பசாமி. மடைவாயில் அசையாமல் நிற்கிற குருட்டுக்கொக்குக்கு எங்கள் பக்கம் மடையான் என்று பெயர், அதைப் பார்த்தால் ஏன் என்று கேட்கமாட்டீர்கள்.

கண்மாய்க்கு இரண்டு தடவை போக வேண்டும். கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது ஒரு தடவை, அது பறவைகளுக்கு. நத்தைக்குத்தி நாரை, அரிவாள்மூக்கன், முக்குளிப்பான், எல்லாம் விடியற்காலையில் சும்மா கண்ணாலேயே பார்க்கலாம். சித்திரை, வைகாசியில் வற்றிக் கிடக்கும்போது இன்னொரு தடவை, அது கல்லுக்கு. பழைய கண்மாயாக இருந்தால் கரையிலிருந்து உள்ளே தள்ளி, வெடித்த மண்ணுக்கு நடுவில் ஆளுயரத்துக்கு மேல் இரண்டு கல்தூண் நிற்கும், குறுக்கே கற்சட்டங்கள். அதுதான் குமிழித்தூம்பு. தூணுக்கு அடியில் கல்தொட்டி, அதன் மேல்மூடியில் ஒரு துளை, பக்கத்தில் தரைமட்டத்தில் சின்னத் துளைகள். மேலே இருப்பது நீரோடித்துளை, கீழே சேறோடித்துளை. நிறைந்த கண்மாயில் ஒரு ஆள் நீந்திப் போய் மேல்துளையை அடைத்திருக்கும் கல்குமிழைத் தூக்குவார். தண்ணீர் கரைக்கு அடியில் போகும் சுரங்கம் வழியாக வயலுக்குப் பாயும், அந்த இழுப்பில் சேறும் கூடவே வெளியேறும். தூணை வெயில் சாயும் நேரத்தில் சுற்றிப் பாருங்கள், சிலதில் செய்து கொடுத்தவர் பெயர் வெட்டியிருக்கும். நான் பார்த்த ஒன்றில் எழுத்துக்கு மேலேயே யாரோ ஆடு கட்டியிருந்தார்கள், கயிறு உரசி உரசி முதல் வரி பாதி போயிருந்தது.

கரையின் கோடியில் கலுங்கு. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அதன் வழியாக வழிந்து கீழே இருக்கும் அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்தது. போன வைகாசியில் ஒரு கலுங்கின் மேல் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தபோது அந்தப் பக்கமாகச் சுள்ளிக்கட்டோடு வந்த அப்பத்தாவிடம், "இந்தத் தண்ணி எங்க போகும் அப்பத்தா?" என்று கேட்டேன். கட்டை இறக்காமலே கையை மட்டும் நீட்டி நாலு கண்மாய் பெயரை வரிசையாகச் சொன்னார். நாலையும் எழுதி வைத்திருக்கிறேன். முதல் இரண்டு முடிந்தது. மூன்றாவதற்குப் பஸ் கிடையாது, மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும், மழை விட்டதும் போகணும்.