நிலாவரையைப் பார்த்துவிட்டுக் கந்தோருக்குப் போங்கள்

விடுமுறையில் யாழ்ப்பாணம் போகிறவர்கள் காணி அலுவலைப் பயணத்தின் முதல் வாரத்தில் வைக்கவே கூடாது. "ஒரு கையெழுத்துத்தானே, வந்ததும் போட்டுவிட்டால் பிறகு நிம்மதியாகத் திரியலாம்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். முதலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிலாவரைக் கிணற்றுக்குப் போங்கள். கந்தோர் (அலுவலகம்) எங்கேயும் ஓடிவிடாது.

நிலாவரை, புத்தூருக்குப் பக்கத்தில் நவக்கிரியில், வீதியோரத்தில் இருக்கிறது. வானர சேனையின் தாகம் தீர்க்க இராமர் அம்பெய்து உண்டாக்கியது என்பது கதை. அடியே இல்லாத கிணறு என்றுதான் எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். அடி இருக்கிறது, ஆனால் உண்மை கதையைவிடப் பெரியது. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. மயோசீன் காலத்தில், 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் முன்னர், இங்கிருந்த கடலின் அடியில் சிப்பியும் பவளமும் படிந்து இறுகிய கல் அது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிக் கீழே இறங்குகிறது, வெடிப்பு வெடிப்பாகக் கல்லைத் தின்கிறது. காலப்போக்கில் உள்ளே குகை உண்டாகிறது. ஒருநாள் அந்தக் குகையின் கூரை இடிந்து விழுகிறது. நாம் எட்டிப் பார்க்கும் நிலாவரை அப்படித் திறந்த வாய்தான். மேலே இருப்பது நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உவர்.

இதைப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் நான் கனடாவிலிருந்து போனேன். போன மறுநாளே சித்தப்பா காணி உறுதிப் பத்திரத்தை மேசையில் விரித்துவிட்டார். அப்பாவின் தோட்டக்காணியில், பலருக்கும் பங்குள்ள ஒரு பங்குக்கிணறு இருக்கிறது. பழைய உறுதிகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், காணியின் எல்லைகளைச் சொல்லி முடித்ததும் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் தனியாக எழுதப்பட்டிருக்கும். என் பங்கை அவர் பெயருக்கு மாற்ற வேண்டுமாம். அங்கே விருந்தினர் விடுதி கட்டி, ஆழமான குழாய்க்கிணறு அடிக்கப் போகிறாராம்.

யோசிக்க நேரம் கேட்டேன். யோசிக்கும்போதே கடிதங்களை எடுத்து வைக்கலாம் என்றார். அதிலிருந்து பயணம் எங்கள் கையை விட்டுப் போனது. கடவுச்சீட்டில் என் பெயர் ஒரு விதமாகவும் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும் இருந்தது. இரண்டும் ஒருவரே என்று கிராம சேவையாளரின் கடிதம் வேண்டும் என்று கந்தோரில் சொன்னார்கள். கடிதம் வாங்கிக்கொண்டு போனால் அதில் மேலதிகாரியின் ஒப்பம் இல்லை. ஒப்பத்துக்குப் போனால் அவர் கூட்டத்துக்குப் போய்விட்டார். அடுத்த நாள் போயா (பௌர்ணமி) விடுமுறை. அதற்கடுத்த நாள் அதே யன்னலில் வேறொருவர் இருந்து, பெற்றோரின் விவாகப் பதிவும் தேவை என்றார். ஏன் இதை முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு எல்லாவற்றிலும் அவசரம்" என்றார். அந்தச் சொல் சுட்டது. வாங்கிலில் என்னோடு காத்திருந்த வயதான அம்மாவுக்கு அவசரமே இல்லை. காணாமற்போன மகனின் பெயரிலிருந்த ஏதோ ஒரு பத்திரத்துக்காக அவர் வருடக்கணக்காக நடக்கிறார். அவர் முன்னால் நான் குரலை உயர்த்தவில்லை.

பிள்ளைகள் சித்தி வீட்டு விறாந்தையில் தொலைபேசியோடு கிடந்தார்கள். ஒரு மாலையில் அவர்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். தண்ணீர் இறைக்கும் துலா இருந்த இடத்தில் இப்போது மோட்டர். குனிந்து பார்த்தால் கிணற்றின் உட்சுவரில், வெட்டிய வெண்கல்லில், விரல் நகம் அளவில் சிப்பித் தடங்கள். நீர்மட்டம் இறங்கியிருந்ததால் சுவரில் ஈரக்கோடுகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகத் தெரிந்தன. சின்னவள் ஒவ்வொரு சிப்பியாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

நான் ஒப்பமிட மறுத்ததன் காரணம் அந்தச் சுவருக்குக் கீழே இருக்கிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது, வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். நமக்கு இருப்பதெல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழை கல்லுக்குள் இறங்கி, கடல்நீரின் மேல் எண்ணெய்போல மிதந்து நிற்கும் நன்னீர்தான். கடல் மட்டத்துக்கு மேல் அது 1 மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை உவரைத் தள்ளி வைக்கும் என்பது கணக்கு. இறைத்து இறைத்து மேல்மட்டத்தை 1 மீற்றர் இறக்கினால், கீழேயிருந்து உவர் அதே விகிதத்தில் மேலேறத் தொடங்கும். குழாயை ஆழமாக இறக்குவது உவரைத் தேடிப் போவதுதான். அது நம் கிணற்றோடு நிற்காது. கல்லுக்குள் வேலி இல்லை, பக்கத்துத் தோட்டத்து வெங்காயமும் புகையிலையும் அதே தண்ணீரில்தான் வளர்கின்றன.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். "நீ போய்விட்டாய் பிள்ளை. இந்தத் தண்ணீரைக் குடிக்கிறவன் நான்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒப்பமும் இடவில்லை.

கடற்கரையில் இருக்கும் கீரிமலைத் தீர்த்தக் கேணிக்கு ஆடி அமாவாசையில் போகாதீர்கள், பிதிர்க்கடன் செய்ய வரும் கூட்டத்தில் எதையும் பார்க்க முடியாது. வேறொரு நாளில் விடியற்காலையில் போங்கள். கடல் அலை மதிலில் மோதும் இடத்துக்கு அருகிலேயே கேணியில் நன்னீர் ஊறுகிறது. உள்நாட்டில் விழுந்த மழை கல் வெடிப்புகள் வழியாகச் சரிந்து வந்து கரையில் வெளிப்படுகிறது. கீரிமுக நகுல முனிவரும், குதிரைமுகம் நீங்கிய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் நீராடிய தீர்த்தம் என்ற கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், இரண்டும் தெரிந்திருக்கட்டும். போகும் வழியில், 1990 வரை இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்காக இதே கல்லைத் தோண்டிய பள்ளங்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

மணற்காட்டில் காற்று குவித்த மணல்மேடுகளும், மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலும் உண்டு. அங்கே பின்னேரம் நல்லது. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகு, முதற்படகையே பிடியுங்கள். திருகோணமலை போனால் கன்னியா வெந்நீரூற்று. ஏழு கிணறுகள், எரிமலை ஒன்றும் இல்லை. பாறைப் பிளவுகளில் ஆழம் வரை இறங்கிய நீர் பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது.

உங்கள் உறுதியில் கிணற்றுப் பங்கு எழுதப்பட்டிருக்கிறதா என்று புறப்படும் முன்பே பார்த்துவிடுங்கள். இருந்தால், குழாய்க்கிணறு அடிக்கப் போகிறவர்களிடம் எவ்வளவு ஆழம், ஒரு நாளைக்கு எவ்வளவு இறைப்பார்கள், பக்கத்துக் காணிக்காரர்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். என் பங்கு இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. சித்தப்பா இந்த வாரமும் அழைத்தார்.