ஐஸ்லாந்தின் கறுப்பு மணலில் படமெடுக்க

டிசம்பரில் ஐஸ்லாந்துக்குப் போனால் பகல் வெளிச்சம் 4, 5 மணி நேரம்தான். வருந்த வேண்டாம்; சூரியன் தொடுவானத்தை ஒட்டியே நகர்வதால் நண்பகலிலும் அந்தி வெயிலின் நிறம் கிடைக்கும்.

யோகுல்சார்லோன் என்ற பனியாற்று ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் பனிக்கட்டிகள், பக்கத்திலுள்ள கறுப்பு மணல் வைரக் கடற்கரையில் (Diamond Beach) ஒதுங்கிக் கிடக்கும். முக்காலியை மணலில் ஆழ ஊன்றி, ஷட்டரை அரை வினாடிக்கு வையுங்கள். அலை ஏறும்போது அல்ல, பின்வாங்கும்போது அழுத்துங்கள். கட்டியைச் சுற்றி நுரை கோடு கோடாக இழுபடும். கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். நான் காட்டினேன், பூட்ஸுக்குள் அட்லாண்டிக் புகுந்தது.

உபரி பேட்டரிகளைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். விடுதிக்குள் நுழையுமுன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் இறுக மூடுங்கள். உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான காற்றின் ஈரம் குளிர்ந்த கேமராவில் படியாமல் பையின்மேல் படியட்டும். மெமரி கார்டை முன்பே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் படம் பார்க்கும் ஆசையில் பையைத் திறந்துவிடுவீர்கள்.