வீட்டிலிருந்தே கற்றல் நாளில் இணையம் காலை வாராமலிருக்க: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலிருந்தே இணையத்தில் படிக்கும் நாளில், வகுப்பு நடுவில் திரை உறைந்து போனால் நம்மவர் வாயில் முதலில் வருவது, "பிளானை மாத்திடலாம்" என்பதுதான். 1 ஜிபிபிஎஸ் (விநாடிக்கு 1,000 மெகாபிட்) போய் 3, அதுவும் போதாமல் 10. ரோட்ஷோவில் நிற்கும் விற்பனையாளருக்கு வேறென்ன வேண்டும்? ஸூம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு விநாடிக்கு நான்கு மெகாபிட் இருந்தாலே படம் தெளிவாக ஓடும். மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாலும் 1 ஜிபிபிஎஸ் இணைப்பில் அது ஒரு மூலையைக்கூட நிரப்பாது.

கம்பெனியை மாற்றுவதும் பெரும்பாலும் வீண்தான். சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 என்று யாரிடம் வாங்கினாலும் வீட்டுக்குள் வரும் ஃபைபர் இழை, அதைப் பதிக்கும் நெட்லிங்க் நிறுவனம் போட்டதே. ஃபைபர் ஒழுங்காகத்தான் வாசல் வரை வருகிறது. அதற்குப் பிறகு வரும் பத்து மீட்டரில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ரூட்டர் ஹாலில் இருந்தால் பார்க்க நன்றாயில்லை என்று அதற்குள் அரிசி மூட்டைக்கும் பழைய சூட்கேசுக்கும் நடுவில் வைத்துவிட்டு, இரும்புக் கதவையும் சாத்திவிடுகிறோம். குண்டு வெடித்தாலும் தாங்கட்டும் என்று கம்பி கட்டி எழுப்பிய கான்கிரீட் சுவர் வைஃபையை மட்டும் வழிவிட்டு அனுப்புமா? பிறகு கோடி அறையில் சிக்னல் இல்லை என்று வைஃபையை வாங்கித் தூரத்துக்குக் கடத்தும் மெஷ் கருவி வாங்கி, சிக்னலே எட்டாத அந்த அறையிலேயே கொண்டுபோய் வைக்கிறோம். வாங்குவதற்கு எதுவுமில்லாமல் அது எதைத்தான் கொடுக்கும்? ரூட்டருக்கும் அந்த அறைக்கும் பாதி வழியில் வைக்க வேண்டும்.

அதைவிட நல்ல வழி, கேபிள். புதிய பிடிஓ (வீவக கட்டித்தரும்) வீடுகளில் அறைச் சுவரிலேயே இணையக் கேபிள் சொருகும் டேட்டா பாயிண்ட் இருக்கும். பலர் அலமாரியைத் தள்ளி அதை மறைத்துவிட்டு வைஃபையோடு மல்லுக்கட்டுகிறார்கள். மடிக்கணினியில் கேபிள் துளை இல்லையென்றால் ஒரு சிறிய யூஎஸ்பி அடாப்டர் போதும். கேபிள் போட்டும் வேகச் சோதனை 94 மெகாபிட்டோடு நின்றுவிட்டால், எங்கோ பழைய கேபிளோ 100 மெகாபிட் போர்ட்டோ இருக்கிறது என்று அர்த்தம். வகுப்புக்கு அதுவே தாராளம். 1 ஜிபிபிஎஸுக்குக் காசு கட்டுகிறவர் மட்டும் கவலைப்படட்டும்.

வேகத்தைச் சோதிக்கும் இடத்திலும் ஏமாறுகிறோம். ரூட்டர் பக்கத்தில் நின்று அப்பாவின் புதுக் கைப்பேசியில் பார்த்தால் எண் பிரமாதமாகத்தான் வரும். பிள்ளை உட்காரும் மேசையில், பிள்ளையின் கருவியில், வகுப்பு நடக்கும் நேரத்தில் பாருங்கள்.

ரெனவேஷன் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். வாசலருகே இருக்கும் ஃபைபர் பெட்டியை கார்ப்பென்டர் அலமாரிக்குள் அடைத்துவிடுவார். இழையையும் மடக்கிச் சொருகிவிடுவார். அது செம்புக் கம்பி இல்லை, கண்ணாடி. கூர்மையாக வளைந்தால் ஒளி வெளியே கசியும். முறிந்தால் ஒன்றுமே வராது. அப்போது ஃபைபருக்கும் ரூட்டருக்கும் நடுவிலுள்ள ஓஎன்டி பெட்டியில் எல்ஓஎஸ் (சிக்னல் இல்லை) என்ற விளக்கு சிவப்பாக எரியும். அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகு ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பலனில்லை. இழை நன்றாகச் சொருகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கம்பெனிக்குப் போன் போடுங்கள். அன்றைய வகுப்புக்குக் கைப்பேசி ஹாட்ஸ்பாட் கைகொடுக்கும். ஃபைபர் பெட்டியை இடம் மாற்றும் வேலையை மட்டும் கார்ப்பென்டரிடம் விடவே வேண்டாம்.

இணையத்தின் மேல் பழி போட்டு, கடைசியில் பார்த்தால் பள்ளிப் பாடங்கள் இருக்கும் எஸ்எல்எஸ் இணையதளத்தின் கடவுச்சொல் மறந்துபோன கதையாகவும் இருக்கும். முதல் நாள் இரவே ஒருமுறை உள்ளே நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள். கணினி அப்டேட்டையும் அப்போதே முடித்துவிடலாம்.

கட்டணம்தான் சிரமம் என்றால், கூச்சப்பட்டு ஒதுங்கியிருப்பதுதான் தவறு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சலுகை விலையில் பிராட்பேண்டும் கருவியும் தரும் டிஜிட்டல்ஆக்சஸ்@ஹோம் திட்டம் 2023 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டில் படிக்க வசதிப்படாத பிள்ளைகள் அந்த நாளில் பள்ளிக்கே வந்து படிக்கவும் இடமுண்டு. வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும்.