எமிலின் குண்டூசி: வகுப்பில் ஒரு துப்பறியும் நாவலை நடத்துவது எப்படி?

ஆறாம், ஏழாம் வகுப்புக்குத் துப்பறியும் கதை நடத்தப் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு எரிக் கேஸ்ட்னரின் ‘எமிலும் துப்பறிவாளர்களும்’ நாவலுக்குத்தான். 1929இல் ஜெர்மனியில் வந்தது. கொலை கிடையாது, பேய் பங்களா கிடையாது. திருடன் யார் என்பதுகூட சீக்கிரமே தெரிந்துவிடும். அதுதான் வசதி. ‘யார்?’ தீர்ந்துபோனதால், ‘எப்படி நிரூபிப்பது?’ என்பதற்கு நேரம் கிடைக்கிறது.

ஆளுக்கொரு புத்தகம் தேவையில்லை. ஆங்கிலப் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு நீங்களே தமிழில் சொல்லிக்கொண்டு போகலாம். பிள்ளைகளுக்கு ரஃப் நோட்டும் பென்சிலும் போதும். சார்ட் பேப்பர் வேண்டவே வேண்டாம். சுவரில் ஒட்டிவிட்டால் அதை அடித்துத் திருத்த யாருக்கும் மனசு வராது. இந்த வேலையே அடித்துத் திருத்துவதுதான்.

படி 1: ரயில் வரை வாசியுங்கள்

பெர்லினுக்குத் தனியாக ரயிலேறும் சிறுவன் எமிலின் கோட்டுக்குள் 140 மார்க் (அன்றைய ஜெர்மன் பணம்): ஒரு நூறு, இரண்டு இருபது. உறையோடு சேர்த்துக் குண்டூசியால் குத்தி வைத்திருக்கிறான். எதிரே தொப்பிக்காரர் குருண்டைஸ் சாக்லேட் நீட்டுகிறார். எமில் தூங்கி விழித்தால் ஆளும் இல்லை, பணமும் இல்லை. பாக்கெட்டில் கைவிட்டால் குண்டூசிதான் விரலில் குத்துகிறது. அங்கே நிறுத்துங்கள்.

படி 2: நோட்டில் நடுக்கோடு

இடப்பக்கம் ‘பார்த்தது’, வலப்பக்கம் ‘நினைத்தது’. “தொப்பிக்காரன் எடுத்துட்டான் சார்!” என்று வகுப்பே கத்தும். எடுத்ததை யார் பார்த்தது என்று கேளுங்கள். ஒருவருமில்லை. அப்படியானால் அது வலப்பக்கம். சாக்லேட் கொடுத்தது இடப்பக்கம். “சாக்லேட்டில் மயக்க மருந்து” என்று ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார், அதுவும் வலப்பக்கம்.

படி 3: துரத்தல்

வேகமாகப் போங்கள். தொப்பிக்காரரைப் பின்தொடரும் எமிலோடு, ஹாரன் வைத்திருக்கும் பெர்லின் சிறுவன் குஸ்தாவ் சேர்ந்துவிட்டால் கதை தானாக ஓடும். ஒரு கேள்வி மட்டும்: எமில் ஏன் போலீசிடம் போகவில்லை? ஊரில் ஒரு சிலைக்கு மூக்கில் சிவப்புச் சாயமும் மீசையும் வரைந்த பயம் அவனுக்கு.

படி 4: வங்கிக்கு முன்னால் நிறுத்துங்கள்

தொப்பிக்காரர் நோட்டை மாற்ற வங்கிக்குள் நுழைகிறார். இங்கேதான் அவசரப்படக் கூடாது. வங்கியில் எமில் வாய் திறப்பதற்கு முன் புத்தகத்தை மூடிவிட்டு, மூன்று துண்டுக் காகிதங்களை உறையில் போட்டு, ஒரு கைக்குட்டையோடு சேர்த்துக் குண்டூசி குத்துங்கள். (நீங்கள் குத்துங்கள், பிள்ளைகள் வேண்டாம்.) பிறகு காகிதங்களை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். மூன்றிலும் ஒரே இடத்தில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வரும். அப்போது வகுப்பில் கிளம்பும் சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அதோடு விட்டுவிடாதீர்கள். “பழைய நோட்டுக்கட்டில் ஸ்டேப்ளர் ஓட்டை இருக்குமே, அதுவும் எமிலுடையதா?” என்று நீங்களே சண்டைக்கு இழுங்கள். பேசவிட்டால் கண்டுபிடிப்பார்கள்: ஓட்டை இருப்பது மட்டும் போதாது. காசாளர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதற்கு முன்பே ஓட்டை இருக்கும் என்று எமில் சொல்ல வேண்டும், அதுதான் வலு. இப்போது அந்த அத்தியாயத்தை வாசியுங்கள்.

பின்சேர்க்கை: முடிவை ஏற்கெனவே தெரிந்துகொண்ட பிள்ளையை என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கதையில் ஒரு சின்னப் பையன், வெளியே துரத்தல் நடக்கும்போது வீட்டிலேயே போன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாருடைய தகவலையும் வாங்கிக்கொள்கிறான். அந்த வேலையைக் கொடுங்கள். வகுப்பு சொல்லும் ஊகங்களையெல்லாம் தேதி போட்டு எழுதுவது அவன் பொறுப்பு, வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. பெரும்பாலும் காப்பாற்றுவார்கள். உளறிவிட்டாலும் குடி முழுகாது, “எந்தப் பக்கத்தில் ஆதாரம்?” என்று கேட்டு, அதையும் வலப்பக்கம் எழுதச் சொல்லுங்கள்.